கப்பல் காசு

தமிழ் நாளிதழ் வாங்கும் வீட்டில் வளர்ந்த எல்லாருக்கும் அந்தப் படம் பழக்கமானது. நடுவில் கதவுப் பலகை அளவுக்கு ஒரு மாதிரிக் காசோலை. ஒரு பக்கம் கம்பெனி அதிகாரி, மறுபக்கம் தலைமையாசிரியர், இடைவெளி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வட்டாரத் தலைவர்கள். முன்வரிசையில் புதுப் புத்தகப்பையோடு பிள்ளைகள். வெயில் நேராக அடிப்பதால் பாதிப் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். படத்துக்குக் கீழே 'நிறுவனத்தின் சமூகக் கடப்பாட்டுத் திட்டத்தின் கீழ்' என்று நான்கு வரிச் செய்தி.

அந்த மாதிரிப் படம் ஒன்றில் நானும் இருக்கிறேன். மூன்றாம் ஆண்டு படித்தபோது எடுத்தது. பையைக் குறை சொல்ல மாட்டேன். ஆறாம் ஆண்டு வரைக்கும் உழைத்தது, அதற்குப் பிறகு தம்பியும் ஒரு வருடம் தூக்கினான்.

இப்போது நான் காசோலையின் மறுபக்கத்தில் வேலை செய்கிறேன். கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலை. ரப்பர் பாகங்கள் செய்கிறோம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். ஸ்கூடாயில் நாலு வருடம் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு வந்த எனக்கு, மூன்று வருடத்துக்கு முன் ஆண்டறிக்கையின் 'நிலைத்தன்மை' பகுதிக்குத் தரவு சேகரிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. இந்த அறிக்கைகள் கம்பெனிகளின் நல்ல மனதால் பிறந்தவை அல்ல. புர்சா மலேசியா 2006இல் சிஎஸ்ஆருக்கு ஒரு கட்டமைப்பை வெளியிட்டது. 2015இல் பட்டியலிட்ட நிறுவனங்கள் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று விதியைத் திருத்தியது. விதி வந்தால் படிவம் வரும். படிவம் வந்தால் அதை நிரப்ப ஓர் இளம் எஞ்சினியர் வேண்டும்.

மின்சாரம் எத்தனை யூனிட், தண்ணீர் எத்தனை கன மீட்டர், கழிவு எத்தனை டன், பயிற்சி எத்தனை மணி நேரம் என்று கட்டங்கள். கடைசியில் 'பயன்பெற்றோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். பை வாங்கிய பிள்ளைகள் அங்கேதான் போவார்கள். நானும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் கட்டத்தில் ஒரு எண்ணாக இருந்திருப்பேன்.

அந்த முதல் வருடம் மேலாளர் ஒரு சிலைடு காட்டினார். இரண்டு கோடுகள். இஎஸ்ஜி மதிப்பெண் ஏற ஏற பங்கின் ஆதாயமும் ஏறுகிறது. 'நல்லது செய்தால் நல்ல வியாபாரம்' என்று தலைப்பு. எனக்குச் சேர்ந்தாற்போல் ஏறும் இரண்டு கோடுகளைக் கண்டாலே சந்தேகம் வரும். வெயில் ஏறினால் எங்கள் சில்லருக்கான மின்சாரம் ஏறும், கண்டீனில் ஐஸ் தண்ணி வியாபாரமும் ஏறும். ஐஸ் தண்ணி விற்பதால்தான் சில்லர் ஓடுகிறது என்று யாரும் சொல்வதில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது கணக்குப் பிரிவில் இருக்கும் அக்காவிடம் கேட்டேன். இருபது வருடமாக அந்தக் கம்பெனியின் வரவுசெலவைப் பார்ப்பவர்.

"தம்பி, லாபம் வந்த வருசம் குடுப்பாங்க. வராத வருசம் பை கிடையாது, பென்சில் பெட்டிதான். அதப் போயி குடுத்ததாலதான் லாபம் வந்துச்சுன்னு படம் போடுறாங்க. என்னத்த சொல்ல."

அக்கா சொன்னதற்கு ஆய்வாளர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். சாண்ட்ரா வாடக், சாமுவேல் கிரேவ்ஸ் இருவரும் 1997இல் எழுதிய கட்டுரையில் அதை உபரி வளம் என்ற கோணத்தில் பார்த்தார்கள்: கையில் மிச்சம் இருக்கிற கம்பெனிதான் சமூகத்துக்குச் செலவு செய்கிறது. அவர்கள் எதிர்த்திசையையும் கண்டார்கள். சமூகச் செயல்பாடு நன்றாக இருந்தால் பின்னால் நிதிநிலையும் நன்றாக இருக்கிறதாம். ஆக ஒன்று இன்னொன்றைத் தள்ளுகிறது, அது திரும்பி இதைத் தள்ளுகிறது. எது முதல் என்று பிரிப்பது சிரமம்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. மில்டன் ஃபிரீட்மன் 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்ட விதிகளுக்கு உட்பட்டு லாபம் சம்பாதிப்பதுதான் வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்பது அவர் வாதம். மேலாளர் கம்பெனிப் பணத்தில் தர்மம் செய்தால், அடுத்தவன் காசைத் தானம் செய்கிறார் என்று அர்த்தம். அவரை மறுக்க வந்தவர்களில் பலர் ஒரு குறுக்கு வழியைப் பிடித்தார்கள். நல்லது செய்கிற கம்பெனிதான் அதிகம் சம்பாதிக்கிறது என்று எண்ணில் காட்டிவிட்டால் சண்டையே தேவையில்லையே! மார்கோலிஸும் வால்ஷும் 2003இல் எண்ணிப் பார்த்தபோது, முப்பது வருடத்தில் 127 ஆய்வுகள் இதே கேள்வியைக் கேட்டிருந்தன. 2015இல் ஃபிரீட, புஷ், பாசன் என்ற மூவர் தொகுத்தபோது எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அவற்றில் ஏறக்குறைய தொண்ணூறு விழுக்காட்டில் எதிர்மறை உறவு இல்லை என்றார்கள். எங்கள் மேலாளரின் சிலைடுக்கு மூதாதை இந்த வரிதான். 'எதிர்மறை இல்லை' என்பது சிலைடில் ஏறி உட்காரும்போது 'நேர்மறை' ஆகிவிடுகிறது.

எனக்குப் பிடித்தது மக்வில்லியம்ஸ், சீகல் இருவரும் 2000ஆம் ஆண்டில் செய்த சின்ன வேலை. எல்லாரும் விட்டுவிட்ட ஒரு மாறியை, அதாவது ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் கம்பெனி செய்யும் செலவைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான், சிஎஸ்ஆரால் வந்ததாகத் தெரிந்த லாபம் காணாமல் போய்விட்டது. எந்த மாறியைக் கணக்கில் சேர்க்கிறோம், எதை வெளியே விடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நம் நாட்டுக் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கோவிட் காலத்தில் உலகமே கையுறைக்காக மலேசியாவைப் பார்த்தது. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை டாப் குளோவின் இரண்டு துணை நிறுவனங்களின் கையுறைகளைத் தடுத்து நிறுத்தியது. கடன் பிணைப்பு உள்ளிட்ட கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருக்கின்றன என்பது காரணம். நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் இங்கே வேலைக்கு வர ஏஜெனுக்குக் கட்டிய பணம், அதற்காக வாங்கிய கடன், அதை அடைக்கும்வரை வாய் திறக்க முடியாத நிலை. அந்த ஆண்டு நவம்பர் தொடக்கத்தில், நாட்டின் நான்கு பெரிய கையுறை நிறுவனங்கள் கோவிட் போராட்டத்துக்கு 400 மில்லியன் ரிங்கிட் வழங்கும் என்று வரவுசெலவுத் திட்ட உரையில் அறிவிப்பு வந்தது. டாப் குளோவும் அதில் ஒன்று. அதே மாத இறுதியில், கிள்ளான் மேரு வட்டாரத்தில் தொற்று வெடித்து, அந்நிறுவனத்தின் 28 ஆலைகளைக் கட்டம் கட்டமாக மூட அரசு உத்தரவிட்டது. தொற்று கண்டவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். தொழிலாளர்கள் நெருக்கியடித்து நிற்பதைப் படம் எடுத்துப் பகிர்ந்த நேபாளத் தொழிலாளி ஒருவர் அதற்கு முன்பே வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார் என்று ராய்ட்டர்ஸ் செய்தி சொன்னது.

இப்போது லாபத்தைப் பார்ப்போம். 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் அந்த நிறுவனத்தின் நிகர லாபம் 7 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. அமெரிக்கத் தடை நடப்பில் இருந்த வருடம் அது. தடையை நீக்க வேண்டும் என்பதற்காக, தொழிலாளர்கள் ஏஜெனுக்குக் கட்டிய காசை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. மொத்தம் 136 மில்லியன் ரிங்கிட். அந்த வருட லாபத்தில் இரண்டு விழுக்காடுகூட இல்லை. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. தங்குமிடங்கள் மேம்பட்டன, ஆவணங்கள் சீரடைந்தன. 2023ஆம் நிதியாண்டில் 900 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் நட்டம்.

இந்தப் புள்ளிகளை மட்டும் ஒரு வரைபடத்தில் வைத்துக் கோடு போட்டால், தொழிலாளியை மோசமாக நடத்தினால் கோடி கோடியாய்க் கொட்டும், நன்றாக நடத்தினால் நட்டம் என்று வரும். அது அபத்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கையுறை விலை ஏறியது கோவிட்டால், இறங்கியது தடுப்பூசியாலும் சீனப் போட்டியாலும் தேவைக்கு மேல் கட்டிய ஆலைகளாலும். சரி, அப்படியென்றால் மேலாளரின் சிலைடில் இருந்த கோட்டை மட்டும் ஏன் அதே கண்ணால் பார்க்க மாட்டேன் என்கிறோம்?

கணக்கில் வராத மாறி என்று சொன்னேனே, அது எங்கள் தொழிற்சாலையிலும் இருந்தது. இரவு ஷிஃப்டில் ஒரு அச்சு இயந்திரம் அடிக்கடி நிற்கும். அதைச் சரிசெய்யும் நேரத்தில் எனக்குப் பேச்சுத்துணை வங்காளதேசத்து ஆப்பரேட்டர் ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிட மூத்தவர், ஆனால் என்னை 'போஸ்' என்பார். நான் அவரை 'அபாங்' என்பேன். ஒரு நாள் வேலைக்கு வர எவ்வளவு கட்டினீர்கள் என்று மலாயில் கேட்டேன்.

"அம்பாட் லாக், போஸ்."

நாலு லட்சம் டாக்கா. கைப்பேசியில் மாற்றிப் பார்த்தேன். பதினாறாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,500. சாப்பிடாமல், ஊருக்கு ஒரு காசு அனுப்பாமல் இருந்தாலும் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். அவருக்கு வட்டியோடு சேர்த்து மூன்று வருடம் ஆனதாம். நிலத்தை அடகு வைத்திருக்கிறார். இந்த நாலு லட்சத்துக்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது. எங்கள் கம்பெனியின் செலவுக் கணக்கிலும் கிடையாது. ஆனால் ஆளைக் கொண்டுவரும் செலவு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைக் கட்டியவர் அவர். கம்பெனிக்கு அது ஒரு மானியம். லாபத்தின் ஒரு துண்டு அவருடைய வயலிலிருந்து வந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் பாட்டியிடம் கேட்டேன், "கொள்ளுத் தாத்தா கப்பல்ல வந்தப்ப யாரு பாட்டி காசு கட்டுனது?"

"வெள்ளக்காரந்தான். ஒரு சல்லி வாங்கலயாம். நாகப்பட்டினத்துல ஏத்தி, பினாங்குல எறக்கி, சோறும் போட்டானாம். தர்மவான்."

பாட்டி வெள்ளைக்காரனைப் பற்றி நல்லதாகச் சொன்ன ஒரே விஷயம் அது. நான் தேடிப் படித்தேன். தர்மம் இல்லை. 1907இல் இங்கே தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள்; பின்னாளில் இந்தியக் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. தென்னிந்தியத் தொழிலாளியை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், ஆளை அவரே கொண்டுவந்தாரா இல்லையா என்ற பேச்சே இல்லாமல், அந்த நிதிக்கு வரி கட்ட வேண்டும். கப்பல் காசு அதிலிருந்து போகும். தொழிலாளி அந்தக் காசுக்குக் கடன்படாமல் வந்து இறங்குவான்.

ஏன் இதைச் செய்தார்கள்? அதற்கு முன்பு, ஒரு தோட்டத்துக்காரன் காசு செலவழித்து ஆளைக் கொண்டுவருவான். பக்கத்துத் தோட்டத்துக்காரன் இரண்டு காசு கூடக் காட்டி இழுத்துக்கொள்வான். செலவு ஒருவனுக்கு, ஆள் இன்னொருவனுக்கு. தனித்தனியாக யாரும் பொறுப்பாக இருக்க முடியாத நிலை. பொறுப்பாக இருப்பவன் நட்டப்படுவான். எல்லாரும் கட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் வந்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. ரப்பருக்கு ஆள் தேவை, ஆள் வந்தான், தோட்டங்கள் கொழித்தன.

இதில் மயங்கவும் வேண்டாம். கங்காணியின் பிடி இருந்தது, சம்பளம் சொற்பம். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கொண்டுவந்த நிதியே கொண்டுபோய் விடவும் பயன்பட்டது. அந்த நிதியின் மிச்சசொச்சம்தான் 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி ஆகி, 1999இல் கலைக்கப்பட்டது. அந்தக் கதைக்குத் தனிக் கட்டுரை வேண்டும். எனக்கு இங்கே வேண்டியது ஒரே ஒரு விவரம்: நூறு வருடத்துக்கு முன்பு, காலனிக்காரன் ஆட்சியில், என் கொள்ளுத் தாத்தாவின் பயணச்செலவு முதலாளியின் கணக்கில் ஏறியது. நூறு வருடம் கழித்து, விருது வாங்கிய அறிக்கைகளின் காலத்தில், அபாங்கின் பயணச்செலவு அபாங்கின் வயலில் ஏறியது.

தோட்டப் பள்ளிக்கூடங்களும் இதே வழியில் வந்தவைதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்றது. சட்டத்துக்காக வைத்த பள்ளிகள். பல இடங்களில் கொட்டகை, கங்காணியோ கிராணியோ வாத்தியார். ஆனால் குடும்பத்தோடு ஆள் தங்கினால்தான் தோட்டத்துக்கு நல்லது என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. பொறுப்பும் லாபமும் ஒரே பக்கம் நின்றதால் அந்தப் பள்ளிகள் நின்றன. பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயம் காலியானது. அப்போது பொறுப்பு ஒரு பக்கமும் லாபம் ஒரு பக்கமும் பிரிந்தன. நாட்டின் ஐந்நூற்றுச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் பகுதி உதவி பெறும் பள்ளிகள். அவற்றில் பல, தோட்டக் கம்பெனிக்கோ தனியாருக்கோ சொந்தமான நிலத்தில் நிற்கின்றன. பள்ளி நிலத்தைப் பெயர் மாற்றித் தரச் சொல்லி வாரியக்குழுக்கள் எத்தனை வருடம் அலைந்திருக்கின்றன என்று பெரியவர்களைக் கேட்டால் தெரியும். பை கிடைத்துவிடும். கணினி அறைக்குக் குளிரூட்டிகூடக் கிடைக்கும். நிலம் கேட்டால் மட்டும் கடிதம் எந்த மேசையில் இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். பையின் விலை விளம்பரச் செலவுக்குள் அடங்கும். சாலையோர நிலத்தின் விலை அடங்காது.

எங்கள் தொழிற்சாலையில் முடிவு வேறு மாதிரி வந்தது. போன வருடத்துக்கு முந்திய வருடம், ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து கடிதம். வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளி கட்டிய கட்டணம் முழுவதையும் கம்பெனி திருப்பித் தர வேண்டும், ஆறு மாதத்துக்குள் திட்டம் வேண்டும். இல்லாவிட்டால் புதிய ஆர்டர் இல்லை. அவர்கள் நாட்டிலும் சட்டம் மாறிக்கொண்டிருக்கிறது, அவர்களுக்கும் யாரோ கடிதம் எழுதியிருப்பார்கள். இருநூற்றுச் சொச்சம் பேர், மூன்று மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல். சமூகக் கடப்பாட்டுக்கு எங்கள் ஆண்டு ஒதுக்கீடு அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பத்து வருடமாக யாரும் பேசாத விஷயம், நாற்பது நிமிடக் கூட்டத்தில் முடிவானது. எங்கள் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு அந்த வாடிக்கையாளருக்குப் போகிறது. கணக்கு அவ்வளவு எளிது. பன்னிரண்டு தவணை.

அறிக்கை எழுத வந்த ஆலோசகருக்கு இது தெரிந்ததும் உற்சாகம். 'சமூக முதலீடு' என்ற தலைப்பின் கீழ் போடுங்கள், எண் இருபது மடங்கு ஏறும், மதிப்பெண்ணும் ஏறும் என்றார். அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவங்க காச அவங்களுக்குத் திருப்பிக் குடுக்குறோம். இதுல நம்ம முதலீடு எங்க இருக்கு?"

அவர் பேசியது மலாயில். எனக்கு இப்போதும் தமிழில்தான் கேட்கிறது. கடைசியில் அது நிதிக்குறிப்புகளில், அசாதாரணச் செலவு என்று ஒரே வரியாகப் போனது. அந்த வருடம் லாபம் கொஞ்சம் குறைந்தது. ஆர்டர் தங்கியது.

அதனால், நல்லது செய்தால் லாபமா என்று யாராவது என்னிடம் கேட்டால், செய்யாவிட்டால் யாருக்கு நட்டம் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. இவ்வளவு நாள் அந்த நட்டம் எங்கேயோ ஒரு கிராமத்தில் அடகுச் சீட்டாக இருந்தது. அது கம்பெனியின் கணக்குக்குள் வந்து உட்கார்ந்ததும்தான் எங்கள் லாப எண் எனக்குக் கொஞ்சம் உண்மையாகத் தெரிந்தது. இந்த ஒன்றுக்காகத்தான் ஃபிரீட்மனிடம் எனக்குச் சண்டை. விதிகளுக்கு உட்பட்டு என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். விதி இல்லாத இடத்தில் விழும் செலவை யார் தலையில் கட்டுவது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. 1907இல் தோட்டக்காரர்களிடம் ஒரு பதில் இருந்தது, அவர்களின் சுயநலத்துக்காகவே என்றாலும்.

தவணைகள் முடிந்துவிட்டன. அபாங் நிலத்தை மீட்டுவிட்டார். போன வாரம் அதே இயந்திரம் நின்றபோது, மச்சான் ஒருவன் இங்கே வரத் துடிக்கிறான் என்றார். ஆள் எடுப்பு மறுபடி திறந்ததும் அனுப்பிவிடுகிறேன் என்று ஏஜென் இந்த முறை ஐந்து லட்சம் கேட்கிறானாம். நம் கம்பெனியில் காசு வாங்காமல் எடுப்பார்களே, ஒரு வார்த்தை சொல்ல முடியுமா போஸ் என்று கேட்டார்.

எடுக்கவில்லை என்றேன். இனி ஒவ்வோர் ஆளுக்கும் முழுச் செலவையும் கம்பெனியே கட்ட வேண்டும் என்றானதும் கணக்கு மாறிவிட்டது. அச்சு இயந்திரங்களுக்கு இரண்டு ரோபோ கைகள் வருகின்றன. மூன்று வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது நான்தான். தரையில் எங்கே துளை போட வேண்டும் என்ற வரைபடம் இப்போது என் மேசையில் இருக்கிறது.